மிஷினுக்கு முன்பணம்

அண்ணே, வணக்கம். சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் 11 வருடமாக வெல்டர். தீபாவளியோடு பெர்மிட்டை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் ஹாலோ பிளாக், அதாவது சிமெண்ட் கல், போட எண்ணம். கையில் 8 லட்ச ரூபாய் இருக்கிறது, மிஷினுக்கும் ஷெட்டுக்குமே சரியாகிவிடும். என்னைப்போல் ஏஜெண்டிடம் பணம் கட்டி யாரும் இங்கே வரவேண்டாம். ஊரில் 10 பேருக்காவது வேலை கொடுக்கவேண்டும். நடக்குமா?

(பெயர் வேண்டாம் என்றிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

அந்த 10 பேரைக் கொஞ்சநாள் மறந்திருங்கள். இந்தியாவில் 2013-14இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் சுமார் 5.85 கோடி தொழிலகங்கள், அவற்றில் 13 கோடிச் சொச்சம் பேர். வகுத்தால் ஒன்றுக்கு இரண்டேகால் ஆள். பத்தில் ஏழு இடங்களில் கூலியாளே கிடையாது. சிறுதொழில் வேலை தருகிறது என்று மேடையில் முழங்குகிறார்களே, பெரும்பாலும் அந்த வேலை முதலாளிக்கும் அவர் பெண்டாட்டிக்கும்தான். அதுவும் வேலைதான், இளப்பமாகச் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது 'மிஷினுக்கும் ஷெட்டுக்குமே சரியாகிவிடும்' என்ற வரி. புதுக் கடைக்குச் சிமெண்ட் ரொக்கத்துக்குத்தான் வரும். அடித்த கல்லை அன்றைக்கே ஏற்றமுடியாது. நாள்கணக்கில் தண்ணீர் விட்டு, காயவைக்கவேண்டும். வாங்கும் மேஸ்திரி, "தளம் போட்டதும் தர்றேன்" என்பார். சனிக்கிழமைக் கூலியை மட்டும் எவரும் தள்ளிப்போடமுடியாது. என் மச்சான் ஒருவர் இதே தொழில் செய்தார். நோட்டில் 70,000 வரவேண்டியிருந்தது, சட்டைப்பையில் டீக்குக் காசில்லை. கல்லுக்குக் கிராக்கி இல்லாமல் அவர் மூடவில்லை, ரொட்டேஷன், அதாவது அன்றாடம் புரட்டப் பணம், இல்லாமல் மூடினார். பாதிப் பணத்தைத் தொடாமல் வையுங்கள்.

மீதிக்கு வங்கி இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமத்தில் தொடங்கினால் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு (பெண்கள், பட்டியல் இனத்தவர் போன்றோர்) 35 சதவீதம் மானியம். கைக்காசு 10 அல்லது 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதுத் தொழிலுக்கு மட்டும். ஆசையில் மிஷினை இறக்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டு மனுப்போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மானியமும் கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே கிடக்கும். அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, இந்த மனுவைப் பற்றிக் கேட்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷின் கொட்டேஷனோடு இங்கே சிங்கப்பூர் தேக்காவுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?