மருந்து வாடை அடித்தால் சுத்தமா?

கேள்வி: அம்மாவை ஆபரேஷனுக்காகச் சேர்த்திருக்கிறோம். வார்டுக்குள் நுழைந்தாலே மருந்து வாடை மூக்கைத் துளைக்கிறது. ‘அப்படியானால் கிருமியே இருக்காது’ என்கிறார் அண்ணன். நிஜமா?

பதில்: வாடை வருகிறதென்றால் மருந்து ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது வேலை செய்ததா என்பதை மூக்கு சொல்லாது. ரத்தமோ சளியோ படிந்த இடத்தில் பிளீச்சிங் கரைசலை அப்படியே ஊற்றினால், அதன் வீரியமெல்லாம் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும்; அதனால்தான் முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்து, அப்புறம் மருந்து. பூசிய கையோடு ஒற்றி எடுத்துவிட்டாலும் வீண்தான், பாட்டிலில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடமும் அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும். கரைசலையும் அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

தரை பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கட்டிலின் பக்கக் கம்பி, நர்ஸைக் கூப்பிடும் பட்டன், சலைன் ஸ்டாண்ட், கதவுக் கைப்பிடி, இதையெல்லாம் துடைக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே துணியை நாலு கட்டிலுக்கும் ஓட்டினால், முதல் கட்டிலில் இருந்ததை நாலாவது கட்டிலுக்குப் பந்தி வைத்தது போலத்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் கை. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்து அப்படியே பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 100-க்கு 18 தாய்மார்கள் இறந்த அந்த வார்டில், ஜூனில் அது 2 ஆகிவிட்டது. அப்படியும் சக டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை, ‘எங்கள் கையா அழுக்கு?’ என்ற ரோஷம்தான், வேறென்ன! கையுறை போட்டாலும் இதே கதைதான். ஒருவரைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொட்டால், அது போட்டவர் கையைக் காப்பாற்றுமே தவிர உங்கள் அம்மாவைக் காப்பாற்றாது. “கை கழுவிட்டீங்களா சிஸ்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள். நீங்களும் கழுவிவிட்டு அம்மாவைத் தொடுங்கள்.

கேள்வி: சானிடைசர் இருக்கும்போது சோப்பு எதற்கு?

பதில்: பெரும்பாலும் சானிடைசரே போதும், ஆனால் கை முழுக்கப் படும்படி 20, 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்புதான். அப்புறம், ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ‘சி. டிஃபிசில்’ என்ற கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் தண்ணீரோடு போக்க வேண்டும்.