ஒண்டுக்குடித்தனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருபது வருடமாக எங்கள் ஊரிலிருந்து ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறேன். பக்கங்களை நானே பேஜ்மேக்கரில் அமைக்கிறேன். 2017இல் வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் 10. அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். விண்டோஸை அழிக்காமலே கூடவே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என் மருமகன். இதழின் கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, அதனால் பயமாக இருக்கிறது. நீங்கள் லினக்ஸில் எழுதுவதாக எப்போதோ சொல்லியிருந்தீர்கள். போடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

போடலாம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகனை உட்காரவைத்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டில் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு என்றார்கள். விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் ஏறும். 2017இல் வாங்கிய கணினி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதற்காக ஆதரவு முடிந்த மறுநாள் உங்கள் கணினி நின்றுபோகவில்லையே! பதிவு செய்துகொள்ளாவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி வராது, அவ்வளவுதான். ஆபத்து இணையத்தில் உலவும்போதுதான்.

பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு? அது 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். ஆகவே விண்டோஸை இணையம் இல்லாமல் இதழ் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல், வங்கி, யூடியூப், வாட்ஸாப் எல்லாம் லினக்ஸுக்குப் போகட்டும். உங்கள் நிலையில் இருப்பவருக்கு இரண்டு இயங்குதளம் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருப்பது இதனால்தான். சும்மா ஆசைக்கு என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். 2009இல் நானும் இதே வேலையைச் செய்தேன். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தட்டைப் போட்டு, வரிசையாக ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனேன். நடுவில் ஒரு திரை வந்தது. ஏற்கெனவே இருப்பதன் பக்கத்தில் நிறுவவா, வட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளவா, நீங்களே பிரித்துத் தருகிறீர்களா என்று கேட்டது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அழகான பழுப்பு நிறத் திரை என்னை வரவேற்றது. பாதி எழுதிய நாவல் போயிருந்தது. நல்ல நாவல் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

இன்றைய லினக்ஸ் மின்ட்டிலும் உபுண்டுவிலும் கிட்டத்தட்ட அதே திரைதான். வார்த்தைகள் தெளிவாகியிருக்கின்றன, எச்சரிக்கையும் வருகிறது. ஆனாலும் ஒரே வட்டில் இரண்டு பேரையும் குடிவைப்பதென்றால் சுவரை எங்கே எழுப்புவது என்ற கேள்வி வந்தே தீரும். முதலில் விண்டோஸுக்குள் போய் அதன் பாகத்தைச் சுருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தாலும் இவ்வளவுதான் சுருக்க முடியும் என்று சில நேரம் அடம்பிடிக்கும், ஏனென்றால் நகர்த்த முடியாத சில கோப்புகள் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். பழகியவருக்கு இது அரைமணி நேர வேலை. இருபது வருட உழைப்பை ஒரே வட்டில் வைத்திருப்பவருக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

என் யோசனை வேறு. உங்கள் மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருக்கிறதா? 2017 காலத்து மாடல்கள் பலவற்றில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் கேடியை, அதாவது இன்னொரு வட்டைப் பொருத்தும் சட்டத்தை, செருகிவிடலாம். சில நூறு ரூபாய்தான், பழுதுபார்க்கும் கடைகளில் சர்வ சாதாரணமாகச் செய்வார்கள். விண்டோஸ் இருக்கும் பழைய வட்டைக் கழற்றி ஓரமாக மேஜைமேல் வையுங்கள். அது இருந்த இடத்தில் புதிதாக ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) போட்டு லினக்ஸை நிறுவுங்கள், 256 ஜிபி தாராளம். மேஜைமேல் கிடக்கும் வட்டை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழிக்க முடியாது. எல்லாம் முடிந்தபிறகு பழைய வட்டைக் கேடியில் வைத்துச் செருகுங்கள். கணினியைப் போடும்போது எஃப்12 அல்லது எஃப்9 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) விசையைத் தட்டினால் எந்த வட்டிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். கேடியிலிருந்து விண்டோஸ் கிளம்ப மறுக்கும் மாடல்களும் உண்டு, கடைக்காரரிடம் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் ஓடும் லினக்ஸின் வேகத்தைப் பார்த்தால் புதுக் கணினி வாங்கும் எண்ணமே போய்விடும்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். வட்டைக் கழற்றும் முன் விண்டோஸில் பிட்லாக்கர் என்ற, வட்டைக் குறியாக்கம் செய்யும் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தொடங்கும் முறை மாறியதும் அது கேட்கக்கூடும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியையும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் அணைத்த பிறகும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்த வட்டை லினக்ஸ் வாசிக்க மட்டுமே விடும், எழுத விடாது. இன்னொன்று, ஒருநாள் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். கணினி கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே வரிக் கட்டளையில் சரிசெய்துவிடலாம், மருமகனுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற கருவியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். நான் இதை எழுதுவதும் அதில்தான்.

இரண்டு இயங்குதளம் நமக்குப் புதிதும் இல்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. உங்கள் மாணவர்கள் கையிலும் இருந்திருக்கும். நான் பார்த்த பிள்ளைகள் பலர் லினக்ஸ் பாகத்தை அழித்து, அந்த இடத்தில் சினிமா சேர்த்துவைத்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதபோது பிள்ளைகளைக் குறைசொல்லி என்ன பயன்?

சரி, எதைத் தொடும் முன்னும் இதழ்க் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். நீங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் வேலை செய்பவராகத்தான் இருப்பீர்கள். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் உங்கள் தலையங்கம் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருக் கோப்புறையையும், பேஜ்மேக்கர் நிறுவும் தட்டு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவையுங்கள். முடிந்தால் ஒவ்வொரு இதழையும் பிடிஎஃப் ஆக்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மருமகன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.