டேட்டாவைப் பெட்டியில் போட்டு கிளவுடுக்கு அனுப்பலாமா? கேள்வி பதில்

கிளவுடுக்கு டேட்டா ஏற்ற, கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு அனுப்பும் டிஸ்க் பெட்டிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, எங்கள் எடிட்டிங் ஸ்டுடியோவில் 60 டிபி ஃபுட்டேஜ் இருக்கிறது. லைன் 100 எம்பிபிஎஸ். பெட்டி வரவழைக்கலாமா?

முதலில் கணக்குப் போடுங்கள், தம்பி. 100 எம்பிபிஎஸ் லைன் ஒரு நொடிகூட ஓயாமல் ஓடினாலும் 60 டிபி ஏற 55 நாள் ஆகும். அதற்குள் ஆபீசில் வேறு யாரும் நெட்டைத் தொடக்கூடாது. உங்களுக்குப் பெட்டிதான் சரி. அதே டேட்டா ஒரு ஜிபிபிஎஸ் லைனில் என்றால் ஆறு நாளுக்குள் முடியும், பெட்டி வேண்டாம். பெட்டி வந்து சேர, காப்பி செய்ய, திருப்பி அனுப்ப, அங்கே டேட்டா சென்டரில் ஏற்ற என்று எப்படியும் இரண்டு வாரத்துக்குக் குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னோபாலா, டேட்டா பாக்ஸா?

அமேசானின் ஸ்னோபால் 2015-ல் வந்தது. 2025 நவம்பர் முதல் புது வாடிக்கையாளர்களுக்கு அதைத் தருவதில்லை. சின்ன ஸ்னோகோனையும் 100 பெட்டாபைட் கொள்ளும் ஸ்னோமொபைல் கன்டெய்னர் லாரியையும் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இதிலிருந்தே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. மைக்ரோசாஃப்டின் அஸூர் டேட்டா பாக்ஸ் இருக்கிறது, கூகுளிடம் டிரான்ஸ்ஃபர் அப்ளையன்ஸ் இருக்கிறது. ஏற்கெனவே எந்த கிளவுடில் இருக்கிறீர்களோ அந்தப் பெட்டியை எடுங்கள். பெட்டிக்காக கிளவுடை மாற்றாதீர்கள்.

டேட்டா பாக்ஸில் 10 ஜிபிபிஎஸ் போர்ட் இருக்கிறதாமே. 60 டிபி ஒரே நாளில் ஏறிவிடுமா?

போர்ட் அவர்களுடையது, டிஸ்க்கும் ஸ்விட்சும் உங்களுடையது! ஆபீஸ் ஸ்விட்ச் ஒரு ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 110 மெகாபைட் போனாலே பெரிது. அந்த வேகத்தில் 60 டிபிக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும். 10 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச் கடன் வாங்கினாலும், எடுக்கும் இடத்தில் ஒற்றை யுஎஸ்பி டிஸ்க் இருந்தால் அதன் வேகம்தான் உங்கள் வேகம். நாலைந்து டிஸ்க்கை நாலைந்து மெஷினில் மாட்டி ஒரே நேரத்தில் விண்டோஸின் காப்பி கருவியான ரோபோகாப்பியை ஓட்டுங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை சின்னச் சின்ன ஃபைல்கள். 50 ஜிபி வீடியோ ஒன்று சரசரவென்று போகும். அதே 50 ஜிபி, லட்சக்கணக்கான தம்ப்நெயில் குட்டிப் படங்களாக இருந்தால் தவழும். பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் கருவியால் ஒரே ஃபைலாக்கிவிட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் தாமதம் கூரியரால் வருவதில்லை, இந்த இடத்தில்தான் வருகிறது.

ஃபோல்டர் பெயரெல்லாம் தமிழில் இருக்கிறது. பிரச்சினை வருமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. டேட்டா பாக்ஸில் பிளாப் ஷேர் என்ற பகிர்வு ஃபோல்டருக்குள் நீங்கள் போடும் முதல் அடுக்கு ஃபோல்டர்தான் அஸூரில் கன்டெய்னராகிறது, அதாவது ஃபைல்களைத் தொகுத்து வைக்கும் இடமாகிறது. கன்டெய்னர் பெயரில் சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு மட்டும்தான் வரலாம், 3 முதல் 63 எழுத்துக்குள். ‘திருமணம் 2019’ என்று முதல் அடுக்கில் வைத்தால் ஏறாது. அதற்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே தமிழை வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் பெட்டி காணாமல் போனால்?

டேட்டா உள்ளே ஏஇஎஸ் 256 பிட் என்கிரிப்ஷனில் இருக்கிறது. திறக்கும் பாஸ்வேர்டு பெட்டியோடு வராது, அஸூர் இணையதளப் போர்ட்டலில் இருந்து நீங்கள் எடுக்க வேண்டும். திருடியவனுக்கு இருபது கிலோ சொச்சம் கனமான டப்பாதான் மிச்சம். ஆனால் உங்களுக்கு டேட்டா போனது போனதுதானே! அதனால் கிளவுடில் ஏறியதை நீங்களே சரிபார்க்கும்வரை ஒரிஜினலை அழிக்காதீர்கள். ‘இடம் இல்லை சார், அழிச்சுட்டேன்’ என்று வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அனுப்பும் முன் பெட்டியில் ‘பிரிப்பேர் டு ஷிப்’ என்ற தயார்ப்படுத்தும் வேலையை ஓட்டி முடித்து, அது தரும் ஃபைல் பட்டியலை இறக்கி வையுங்கள். பெட்டியின் மேலுள்ள சின்னத் திரையில் திரும்பும் முகவரி வந்த பிறகே கூரியர்காரரிடம் கொடுங்கள்.

பெட்டி போன பிறகும் இங்கே ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்குமே?

இருக்கும். மொத்தத்தைப் பெட்டியில் அனுப்பிவிட்டு, மாறியதை மட்டும் அப்புறம் அஸூருக்கு நெட்டில் ஃபைல் அனுப்பும் ஏஇசட்காப்பி கருவியில் சிங்க் செய்யுங்கள். அதற்கு உங்கள் 100 எம்பிபிஎஸ் போதும்.

இந்தக் காலத்தில் போய் கூரியரா சார்?

ஏன் கூடாது? 2019-ல் வெளியான கருந்துளைப் படம் நினைவிருக்கிறதா? 2017 ஏப்ரலில் ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிகள் பதிவு செய்த டேட்டா ஏறக்குறைய 5 பெட்டாபைட். டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றித்தான் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் கொண்டுபோனார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன.

8 டிபிதான் இருக்கிறது, 300 எம்பிபிஎஸ் லைன்.

மூன்று நாள் வேலை. இன்றைக்கு ராத்திரியே ஓட விடுங்கள், பெட்டியெல்லாம் வேண்டாம். பிளானில் அப்லோடு வேகமும் 300 தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.