மே மாதத்தில் பிள்ளைகளோடு எந்தக் கடலுக்குப் போவது? கேள்வி பதில்

உவரிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, பாளையங்கோட்டையில் குடியேறி, இருபத்தாறு ஆண்டுகள் சுற்றுலா வேன் ஓட்டியவன் நான். முழுப்பரீட்சை முடிந்ததும் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்பது கடலைப் பற்றித்தான். இந்த ஆண்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி: மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4 வயது. தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி என ஐந்து இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். படத்தில் எல்லாமே அழகாக இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

படத்தில் அலையின் இழுப்புத் தெரியாது, தம்பி. நீங்கள் பார்க்க வேண்டியது வரைபடம். தூத்துக்குடிக்கு எதிரே இலங்கை இருக்கிறது. கரைக்கு அருகிலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகளும் இருக்கின்றன. தென்கடலிலிருந்து புறப்பட்டு வரும் பெரிய அலை இவற்றில் மோதித் தளர்ந்துதான் கரைக்கு வரும். தெற்கே போகப் போக இந்த மறைப்புக் குறையும். உவரியில் கடல் திறந்து கிடக்கும். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே அண்டார்டிகா வரை தடுப்பதற்குப் பெரிய நிலம் எதுவும் கிடையாது. ஆக, நீங்கள் எழுதிய வரிசையே வடக்கிலிருந்து தெற்காக அலை வளரும் வரிசை.

நான்கு வயதுப் பையனை உட்கார்த்தி விளையாட வைக்கத் தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை போதும். அழகு என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு வயதுக்கு வேண்டியது ஒரு வாளியும் கணுக்கால் தண்ணீரும்தானே? மகள் அலையில் நிற்க ஆசைப்பட்டால் மறுநாள் காயல்பட்டினம் அல்லது திருச்செந்தூர். முழங்கால் ஆழம், கையைப் பிடித்தபடி, அவ்வளவுதான்.

மணப்பாட்டைப் பார்ப்பதற்காகப் போங்கள். கடலுக்குள் மூக்கு நீட்டிய மணல்மேடு, அதன் மேல் 1581ஆம் ஆண்டின் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கிய குகை. நம் பக்கத்தில் இத்தனை அழகான கரை வேறு இல்லை என்பது என் கட்சி. உவரிக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. ஆனால் அந்த மூக்கில் மோதித் திரும்பும் அலைக்காகப் பலகைச் சறுக்கு விளையாடுபவர்கள் தேடி வருகிறார்கள் என்றால், அது சிறுவர்களுக்கான அலை இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். மேட்டுக்கு வடபுறம் கொஞ்சம் ஒதுக்கமாக இருக்கும். அங்கேயும் உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கால் நனையுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ உடை போட்டுத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஒரு நொடி கண் தவறினால் தேட முடியாது. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் எதுவானாலும் சரி. காற்றடித்த டியூபும் வேண்டாம். நிலக்காற்று அடிக்கும் காலை நேரத்தில் அது பிள்ளையோடு சேர்ந்து உள்ளே போகும்.

மதுரையிலிருந்து: ஏப்ரல் கடைசியா, மே கடைசியா?

ஏப்ரல் கடைசி. இல்லையென்றால் மே முதல் வாரம். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும் என்பதால் எல்லோரும் வெயிலைத்தான் எண்ணிப் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் காற்றின் மேல். மே பிற்பாதியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்ற மேல்காற்று கிளம்பிவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் வேகமெடுக்கும் நாளில் உவரியிலும் கூடங்குளம் பக்கத்திலும் மணல் ஊசியாக முகத்தில் குத்தும். கடலும் கொந்தளிக்கும். ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை இறங்கினால் மேற்குக் கரையை மறந்துவிட வேண்டியதுதான்.

நேரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் இறங்கி ஒன்பது மணிக்குள் ஏறிவிட வேண்டும். மறுபடி மாலை நான்கரைக்கு மேல். நடுவில் அறை, மோர், தூக்கம். ஒரு மே மாதம் பகல் இரண்டு மணிக்கு மணப்பாட்டு மேட்டில் என் சொந்த மகளையே செருப்பில்லாமல் ஓட விட்டேன். பாதம் கொப்பளித்து, திரும்பும்போது அவளைத் தோளில் சுமந்தேன். அவள் அம்மா என்னிடம் மூன்று நாள் பேசவில்லை.

தென்காசியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 72 வயது. திருச்செந்தூர்தான் வேண்டும் என்கிறார். கூட்டத்தில் சமாளிக்க முடியுமா?

முடியும், நாள் பார்த்துப் போனால். வைகாசி விசாகத்தையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். மே அல்லது ஜூனில் வரும் அந்த நாளில் ஊருக்குள் நிற்கவே இடம் இருக்காது. சஷ்டி, கார்த்திகை, ஞாயிறு ஆகியவையும் வேண்டாம். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள், அதனால் அன்றும் கூட்டம். புதன், வியாழன் பரவாயில்லை.

அம்மாவுக்கு பஸ்ஸைவிட ரயில் நல்லது. திருநெல்வேலியிலிருந்து செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். தென்காசியிலிருந்து வருபவர்கள் சந்திப்பு நிலையத்தில் மாறிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோயில் முன்னுள்ள கரையில் சில காலமாக அரிப்பு இருக்கிறது. மணல் சரிந்து படியாக நிற்கும் இடங்களில் அம்மாவை இறக்க வேண்டாம். சரிவு மெதுவாக இருக்கும் இடமாகப் பார்த்து, அலை வந்து காலைத் தொடும் தூரத்தில் உட்கார வைத்துச் செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். கடலாடியதாகவே கணக்கு. பிறகு நாழிக்கிணறு. கடலுக்கு இவ்வளவு அருகில் உப்பில்லாத ஊற்று எப்படி என்று என் வேனில் வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மணலுக்கடியில் தேங்கும் மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் அது மேலே மிதந்து நிற்கும். கடலோரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் தோண்டும் ஊற்றும் இதே கணக்குத்தான்.

நாகர்கோவிலிலிருந்து: அன்று காற்றே இல்லை, வானமும் தெளிவு. அப்படிப்பட்ட நாளிலும் கடல் ஆளை இழுக்கிறதே, எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகளுக்கே பதில் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

அதன் பெயர் கள்ளக்கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் அடிக்கும் புயல் ஒன்று நீண்ட அலைகளைக் கிளப்பி விடுகிறது. அவை நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும்போது இங்கே ஒரு மேகம்கூட இருக்காது. நடுக்கடலில் அந்த அலை எளிதில் கண்ணுக்குப் படாது. ஆழம் குறைந்ததும் எழுந்து நிற்கும். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் கரையோர மக்கள் வைத்த பெயர் இது. ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். அதாவது சரியாக நம் பள்ளி விடுமுறையில்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. செய்தித்தாளில் மூலையில் வரும், தொலைக்காட்சியில் கீழே ஓடும். புறப்படும் நாள் காலையில் அதைப் பார்க்காமல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று கோயிலுக்கும் ஆலயத்துக்கும் போங்கள், கடலை மேட்டில் நின்று பாருங்கள்.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் நீவாடு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், இருக்கும். அலைகள் வரிசையாக உடைந்து வரும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கி, நுரை உள்நோக்கிப் போவது தெரியும். புதிதாக வருபவர்கள் ‘இங்கே அலை இல்லை’ என்று அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள்! கரையில் ஏறிய தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிடும், பிறகு கரைக்குத் திரும்பலாம். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும். கரையில் இருப்பவர்கள் கயிறோ, காலிக் குடமோ, எது கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும். கையைக் கோத்துக்கொண்டு எல்லோருமாக இறங்கக் கூடாது.

சென்னையிலிருந்து: கன்னியாகுமரியில் ஒரே இடத்தில் உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம்தானே? கடல் தெரியும் அறைக்கு முன்பணம் கட்டப் போகிறோம்.

உதயம் உண்டு. காலை ஆறு மணிக்கு முன்பே போய் நில்லுங்கள். மே மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, வடக்கே தள்ளி இறங்கும். அந்தப் பக்கம் கரையும் மரங்களும் மறைப்பதால் கடலுக்குள் மூழ்கும் காட்சி கிடைப்பது கஷ்டம். அதற்கு மார்கழி, தை நல்லது. சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்கும் வேளையில் கிழக்கே நிலா எழுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும்.

குளிக்க நினைத்து அங்கே போகாதீர்கள், எல்லாம் பாறை. விவேகானந்தர் பாறைக்குப் படகு, அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். பிள்ளைகளுக்கு அது போதும். கடல் சரியில்லாவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே முதல் நாளே போய்விடுங்கள். அறை விஷயம்: ‘கடல் தெரியும்’ என்று சொல்லி என்னிடம் வாடகை வாங்கிய ஒரு விடுதியில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது உண்மைதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: கோவளம் போகலாமா?

எந்தக் கோவளம்? சென்னைக்குத் தெற்கே ஒன்று, திருவனந்தபுரத்துக்கு அருகே ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மீனவர் ஊர் ஒன்று. கேரளத்துக் கோவளம் என்றால், உயிர்காப்பாளர்கள் கரையில் நிற்பது பெரிய வசதி. சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், அவர்களோடு வாதாடவும் வேண்டாம். ஏப்ரலில் போகலாம். மே பாதிக்குப் பிறகு என் வண்டி அந்தப் பக்கம் திரும்பாது.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தங்கச்சி: பெண்கள் உடை மாற்ற வசதி எங்கே இருக்கிறது?

திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் இருக்கிறது, சுத்தத்துக்கு நான் பொறுப்பில்லை. மணப்பாடு, உவரி போன்ற இடங்களில் நம்பிப் போகாதீர்கள், திருச்செந்தூரில் அறை எடுத்து அங்கே திரும்பிக் குளியுங்கள். சேலையோடு அலையில் இறங்க வேண்டாம், நனைந்த சேலை காலைக் கட்டிவிடும். சுடிதார் நல்லது, துப்பட்டா இல்லாமல்.

விருதுநகரிலிருந்து: தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா, அண்ணாச்சி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு போய்வரும். கொஞ்சமாக வரும், விலை ஏறியிருக்கும், ஆனால் அன்று பிடித்தது அன்றே கரையில் இருக்கும். சாளையோ, பாறையோ, விளைமீனோ எது வந்ததோ அதைச் சாப்பிடுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸ்பெட்டியில் பழையது வரும். மீனைவிட இந்த மாதத்தில் நான் ஆசைப்படுவது உடன்குடிச் சாலையில் விற்கும் நுங்கும் பதநீரும். காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

பெயர் சொல்லாத ஒருவர்: கூடங்குளம் பக்கத்தில் குளிக்கலாமா?

அணுமின் நிலையத்தை ஒட்டிய கரை பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே விட மாட்டார்கள். அதைத் தாண்டிய ஊர்களின் கரையெல்லாம் மீனவர்களின் தொழில் இடம். வலை காயும், படகு ஏறி இறங்கும். பிள்ளைகள் விளையாட ஏற்றதில்லை.

திருநெல்வேலி டவுனிலிருந்து: அலையே இல்லாத கடல் வேண்டும். கைக்குழந்தை இருக்கிறது.

வண்டியில் நாலைந்து மணி நேரம் உட்கார முடியுமானால் ராமநாதபுரம் பக்கம் அரியமான். ராமேசுவரத்தார் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் பொங்கும்போது பெண்கடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தலைகீழ். அரியமான் பெண்கடல் பக்கம், சவுக்கு நிழலும் உண்டு. அதற்கு மனமில்லை என்றால் கைக்குழந்தையைக் கடலுக்கே கொண்டுபோக வேண்டாம், பாபநாசத்தில் தாமிரபரணி ஓடுகிறது.

கடையத்திலிருந்து ஒரு ஆறாம் வகுப்பு மாணவி: கன்னியாகுமரி மணல் ஏன் பல நிறமாக இருக்கிறது? பாட்டிலில் எடுத்து வரலாமா?

சிவப்பு நிறம் கார்னெட் என்ற கனிமம், கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். எடை கூடிய துகள்களைக் கரையில் விட்டுவிட்டு லேசானவற்றை அலை இழுத்துப் போவதால் அவை திட்டுத் திட்டாகச் சேர்கின்றன. இந்த மணலுக்காக நம் கரையைத் தோண்டித் தோண்டிப் பெரிய வியாபாரமே நடந்தது, பாப்பா. 2013ஆம் ஆண்டு அரசு அதற்குத் தடை போட்டது. அதனால் மணலை அங்கேயே விட்டுவிடு. வீட்டிலிருந்து ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போ. காகிதத்தில் சுற்றிக் கறுப்பு மணலில் இழுத்துப் பார். எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு, துகள்களை அங்கேயே உதறிவிட்டு வா.