கண்ணில் சுணை பட்டால்: கருவிழிப் புண் பற்றிய கேள்வி பதில்

அறுவடையில் அப்பா கண்ணில் நெல் தாள் குத்திவிட்டது. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்தது, ஆனால் பார்வை மங்கலாகிவிட்டது டாக்டர். வேறு சொட்டு மாற்றலாமா?

இனி நீங்களாக எதையும் விட வேண்டாம். அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் வலியும் அடங்கும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். வயலில் தாளும் சுணையும் பட்டு வருகிற புண்ணில் நம் பக்கம் பூஞ்சை சர்வசாதாரணம். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. பெரும்பாலும் நாட்டாமைசின் 5% சொட்டு எழுதுவார்கள்: குலுக்கிவிட்டு, ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் வாரக்கணக்கில். கண்ணில் வெள்ளையாகப் படியும், அது மருந்துதான். பாதியில் நிறுத்தினால் கண்ணில் பூ விழுவது மட்டுமல்ல, கருவிழி ஓட்டையாகவும் ஆகலாம்.

பாட்டி தாய்ப்பால் விடச் சொல்கிறார். விளக்கெண்ணெய்?

இரண்டும் வேண்டாம் அம்மா. நாக்கால் தூசி எடுப்பதும் வேண்டாம்.

கீறல் பட்ட அன்றே வந்தால் புண் ஆகாமல் தடுக்க முடியுமா?

முடியும். நேபாளத்தின் பக்தபூரில் செய்து காட்டியிருக்கிறார்கள். கீறல் பட்டவர்களுக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே 1% குளோராம்பெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட்டார்கள். சீக்கிரம் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் ஆறிவிட்டது. விலை குறைந்த களிம்புதான். நாள் கடத்தாமல் போவதுதான் பெரிய விஷயம். கதிர் அடிக்கும்போது ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டாலே பல கீறல்களைத் தவிர்க்கலாம்.

காண்டாக்ட் லென்ஸை அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?

கூடாது. தொட்டித் தண்ணீரில் அகாந்தமீபா என்ற உயிரி இருக்கலாம். அது கருவிழிக்குள் புகுந்தால் வலி தாங்க முடியாது, வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும். லென்ஸோடு குளிக்காதீர்கள், தூங்காதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

காய்ச்சல் வந்தால் எனக்கு எப்போதும் ஒரே கண் சிவந்து கூசுகிறது. இது ‘மெட்ராஸ் ஐ’ நோயா?

திரும்பத் திரும்ப அதே கண் என்றால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அது நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். அடுத்த தடவை சிவந்ததும் போங்கள். டாக்டர் மஞ்சள் நிறச் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், புண் கிளை விட்ட கோடாகத் தெரியும். அதற்கு அசைக்ளோவிர் களிம்போ மாத்திரையோ தருவார்கள்.