மொட்டைக் கடிதாசியை நம்பி வீட்டைச் சோதனை போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் யாரோ பெயர் போடாமல் எழுதிய கடிதத்தை வைத்தே போலீஸ் வீட்டைச் சோதனை போடலாம் என்கிறார் என் மருமகன். நிஜமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: கடிதம் மட்டும் போதாது. ஆனால் மருமகன் சும்மா சொல்லவில்லை, அப்படி ஒரு வழக்கு உண்டு. 1978 மே மாதம், சிகாகோ பக்கத்தில் உள்ள புளூமிங்டேல் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. இந்த ஊர்த் தம்பதி போதைப்பொருள் விற்கிறார்கள், மனைவி காரை ஃபுளோரிடாவுக்கு ஓட்டிப்போய் விட்டுவிட்டு விமானத்தில் திரும்புவார், கணவர் விமானத்தில் போய் சரக்கு ஏற்றிய காரை ஓட்டி வருவார் என்று விவரமாக எழுதியிருந்தது. போலீஸ் உடனே போய்க் கதவை உடைக்கவில்லை. கணவர் பெயரில் விமான டிக்கெட் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்து, ஃபுளோரிடாவில் அவரைக் கண்காணிக்க வைத்து, கடிதத்தில் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நீதிபதியிடம் வாரண்ட் வாங்கியது. காரில் சுமார் 350 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 160 கிலோ கஞ்சா இருந்தது.

1983-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாரண்ட் செல்லும் என்றது. அதுவரை 1964, 1969 தீர்ப்புகளின்படி இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் வேண்டும்: தகவல் சொன்னவருக்கு அது எப்படித் தெரியும், அவரை ஏன் நம்ப வேண்டும்? 1983-க்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அந்த இடத்தில் குற்றத்துக்கான சான்று கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்று நீதிபதி முடிவு செய்தால் போதும். எனக்குப் பழைய முறைதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் அந்தக் கடிதத்திலேயே ஒரு தப்பு இருந்தது, மனைவி விமானத்தில் திரும்பவில்லை, இருவரும் ஒன்றாகக் காரில்தான் வந்தார்கள், மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் இதைத்தான் அழுத்தமாகச் சுட்டிக்காட்டினார். மாசசூசெட்ஸ், நியூயார்க் மாநில நீதிமன்றங்கள் தங்கள் மாநில அரசியலமைப்பின் பேரில் பழைய முறையை விடாமல் வைத்துக்கொண்டன.

கேள்வி: சரி, போலீஸே இன்ஃபார்மர் சொன்னதாகக் கதை கட்டினால்? - வாசகர், ஓசூர்

பதில்: கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான வழக்குகளில் நீதிபதி இன்ஃபார்மரை நேரில் பார்ப்பதே இல்லை, போலீஸ்காரர் சத்தியம் செய்து எழுதித் தரும் பத்திரத்தைத்தான் படிக்கிறார். 2006 நவம்பரில் அட்லாண்டாவில், இன்ஃபார்மர் ஒருவர் ஒரு வீட்டில் போதைப்பொருள் வாங்கியதாகப் பொய்யாக எழுதி, தட்டாமலே உள்ளே நுழைய வாரண்ட் வாங்கினார்கள். அந்த வீட்டில் இருந்தவர் 92 வயது மூதாட்டி. யாரோ உடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பயந்து அவர் ஒரு முறை சுட, போலீஸ் 39 முறை சுட்டது. அவர் இறந்துபோனார். அப்புறம் அதே போலீஸார் வீட்டில் கஞ்சாவைக் கொண்டுவந்து வைத்து, தாங்கள் சொன்னபடி சொல்லச் சொல்லி ஒரு இன்ஃபார்மரை வற்புறுத்தினார்கள். அவர் மறுத்து உண்மையைச் சொன்னதால்தான் குட்டு உடைந்தது. அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

1978-ல் வந்த ஒரு தீர்ப்பின்படி, பத்திரத்தில் வேண்டுமென்றோ பொறுப்பே இல்லாமலோ பொய் எழுதியிருப்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் நிரூபித்து, அந்தப் பொய்யை நீக்கினால் மிச்சம் இருப்பது வாரண்டுக்குப் போதாது என்றால், கிடைத்த சான்றுகளை வழக்கில் பயன்படுத்த முடியாது. வெறும் கவனக்குறைவு என்றால் இது பொருந்தாது. இந்த வழியெல்லாம் கதவு உடைந்த பிறகு வருவதுதான். அதனால் தட்டாமல் நுழைய அனுமதி கேட்கும்போதாவது இன்ஃபார்மரை வரவழைத்து நீதிபதியே நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.