பழைய ஸ்டீல் (Stihl) காண்ட்ரா: 1926 மாடலா?

நண்பரே, நீங்கள் வாங்கப்போகும் ஸ்டீல் நிறுவனத்தின் காண்ட்ரா செயின் ரம்பம் 1926 மாடலா என்று கேட்டீர்கள். இருக்க வழியே இல்லை. 1926 என்பது ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஸ்டுட்கார்ட்டில் நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அப்போது செய்தது மின்சார ரம்பம். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பெட்ரோல் ரம்பம் 1929இல் வந்தது, 46 கிலோ. ஒருவரே தூக்கும் பிஎல் மாடல் 1950இல், 16 கிலோ. காண்ட்ரா 1959இல்தான், கியர் கிடையாது, கிளட்சிலிருந்து செயினுக்கு நேரடி ஓட்டம். எடை சுமார் 12 கிலோ.

விலை பேசுமுன் கார்புரேட்டரைத் திறந்து டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வைப் பாருங்கள். விறைத்திருந்தால் பெட்ரோலை இழுக்காது. ஸ்டார்ட் ஆகி உடனே அணையும். கலவை 1:25, லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். செயின் பிரேக் இல்லாத காலத்து ரம்பம், ஆளை நோக்கி எகிறினால் நிறுத்த எதுவுமில்லை. அலமாரிக்கு வாங்குங்கள், மரம் வெட்ட வேண்டாம்.